தினமும் ஜெபிக்க, உண்மையாய் ஜெபிக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், சருகணி பக்கம் எந்தச் சபையில் விசாரித்தாலும், தினசரி ஜெபம் ஏன் நின்றுபோனது என்பதற்கு ஒரே பதில்தான் வரும்: "நேரமே இல்லைங்க." இந்தப் பதிலை நான் முழுதாக ஏற்பதில்லை. நேரமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். கல்யாண சமையலுக்குப் போகிறவர்கள், கைக்குழந்தையோடு தனியாக இருக்கிற தாய்மார்கள், இரவுப் பணிக்குப் போகும் செவிலியர்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் தொடங்கிச் சில நாட்களில் நிறுத்துகிறார்கள். சொன்னதையே சொல்கிறோம், யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறோம் என்ற அலுப்பு வந்துவிடுகிறது.

மனசு முழுக்க வட்டிக்கு வாங்கிய கடன் நிற்கிறது, அண்ணன் தம்பிக்குள் நடக்கும் வீட்டுப் பங்குச் சண்டை நிற்கிறது, மகன் குடிக்க ஆரம்பித்தது நிற்கிறது. முழங்காலில் நின்றதும் வாய் மட்டும் "சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்கிறது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், இது மனசிலிருந்து வரவில்லை என்று. அப்படிப்பட்ட உரையாடலை யாராலும் நாள்தோறும் தொடர முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒழுங்கையும் உண்மையையும் சேர்த்தே சொல்கிறேன். உண்மை இல்லாத ஒழுங்கு சீக்கிரம் முறிந்துவிடும். ஒழுங்கு இல்லாத உண்மை, ஆபத்து வரும்போது மட்டும் கத்துகிற ஜெபமாக நின்றுவிடும்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

ஒரு வாரம் உங்கள் நாளைக் கவனியுங்கள், போதும். எப்போது எழுகிறீர்கள், எந்த நேரத்தில் வீடு அமைதியாக இருக்கிறது, எப்போது போனை எடுக்கிறீர்கள், இப்போது எப்போதாவது ஜெபிக்கிறீர்களா, அப்படியானால் எதற்காக. சின்னத் தாளில் குறித்து வையுங்கள். "நான் ஜெபிக்காதவன்" என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வதற்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. உங்கள் நாளின் உண்மையான வடிவம் தெரியாமல் அதற்குள் எதையும் பொருத்த முடியாது.

நேரம்

"அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்" என்று மாற்கு முதல் அதிகாரத்தில் படிக்கிறோம். இதை வைத்து நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் என்று பலர் பேசுகிறார்கள். அதே இயேசு சாயங்காலத்தில் மலையேறி ஜெபித்தார், இரவு முழுவதும் ஜெபித்தார். தானியேல் தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்டான். "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" என்கிறது 55ஆம் சங்கீதம். முதல் நூற்றாண்டை ஒட்டிய ஆதித் திருச்சபை கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லும்படி கற்பித்தது. ஒரே ஒரு புனிதமான நேரம் என்று வேதம் எதையும் விதிக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு ஜெபத்தை ஒட்டி வைப்பது. காலைக் காப்பிக்கு முன். பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறிய உடனே. கடை ஷட்டரைத் தூக்கிய பிறகு, முதல் வாடிக்கையாளர் வருவதற்குள். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்ப்பவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஆலயத்தில் மூவேளை மணி அடிக்கிற ஊர் என்றால் உங்களுக்கு அலாரமே வேண்டாம். "அஞ்சரை மணிக்கு" என்று கடிகாரத்தை நம்பி வைத்த தீர்மானம், முந்தின நாள் கல்யாண வீட்டிலிருந்து பதினோரு மணிக்குத் திரும்பினால் உடைந்துவிடும். "காப்பிக்கு முன்" என்று வைத்தால், எழுவது ஏழு மணியானாலும் காப்பி வரும், ஜெபமும் வரும்.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடம். ஒரு மணி நேரம் என்று தொடங்குகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து நாட்களில் வரும் உற்சாகத்தில் பெரிய தீர்மானம் எடுத்து, ஈஸ்டர் முடிந்ததும் மொத்தமாகக் கைவிட்டு, அடுத்த லெந்து வரை குற்றவுணர்ச்சியோடு இருப்பவர்களை நிறையப் பார்க்கிறோம். மூன்று மாதம் பத்து நிமிடம் நிலைத்தால் அது தானாகவே நீளும்.

ஒழுங்கைப் பற்றி நம் ஊரில் கற்றுக்கொள்ள ஆள் தேட வேண்டாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடி, காவடியோடு பழநிக்கு நடக்கிற நகரத்தார் தலைமுறை தலைமுறையாக அதை விடவில்லை. அவர்களுடைய வழிபாடு வேறு, நம்முடையது வேறு. ஆனால் மனசு இருந்தால் போவோம், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று அவர்கள் நினைப்பதில்லை. அந்த உறுதியை நாம் மரியாதையோடு கவனிக்க வேண்டும்.

இடம்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்றார் ஆண்டவர். நம்மில் பலருக்குத் தனி அறை கிடையாது. வாடகை வீட்டின் ஒரே கூடத்தில் மாமியார், கணவர், பிள்ளைகள், டிவி எல்லாம் இருக்கும். பழைய பெரிய வீடுகளிலோ வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி எத்தனை அறை இருந்தாலும், ஆள் நடமாட்டம் ஓயாது. மொட்டை மாடி இருக்கிறது. விடிகாலையில் வெயில் ஏறும் முன் அதைவிட நல்ல இடம் இல்லை. அடுப்படியில் ஒரு மணை போட்டு உட்காரலாம். நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்தும் ஜெபிக்கலாம். ஒரே இடத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். சில வாரங்களில் அந்த இடத்தில் உட்கார்ந்த உடனே மனசு அடங்கப் பழகிவிடும்.

முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்காருங்கள். வேதத்தில் நின்று ஜெபித்தவர்கள் உண்டு, தரையில் முகங்குப்புற விழுந்தவர்கள் உண்டு, படுக்கையிலேயே கண்ணீரோடு ஜெபித்த எசேக்கியா உண்டு.

போனை வேறு அறையில் வையுங்கள். வேதாகமச் செயலியில் படிக்கிறேன் என்று எடுத்து வாட்ஸ்அப்பில் போய் முடிகிறவர்கள் அச்சடித்த வேதாகமத்துக்குத் திரும்புவது நல்லது. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

அந்தப் பத்து நிமிடம்

முதல் ஒரு நிமிடம் எதுவும் பேசாதீர்கள். மூச்சு சீராகட்டும். யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினையுங்கள்.

அடுத்து ஒரு சங்கீதத்தைச் சத்தமாக, குறைந்தது உதடு அசையும்படி, வாசியுங்கள். சங்கீதங்களுக்குக் கீழே தனியாக வருகிறேன்.

பிறகு அன்றைய உண்மையை மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லுங்கள். இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிறார்கள். ஜெபம் என்றதும் நமக்கு ஒரு தனிக் குரலே வந்துவிடுகிறது. போதகரிடமும் ஜெபக்கூட்டத்திலும் கேட்டுக் கேட்டுப் பழகிய நடை அது: "அன்புள்ள பரம பிதாவே, இந்த நாளைக் காணச் செய்த கிருபைக்காக ஸ்தோத்திரம். என் குடும்பத்தை ஆசீர்வதியும், தடைகளை நீக்கும்." இதில் தப்பு இல்லை, சபையாக ஜெபிக்கும்போது அந்த நடைக்கு அழகும் உண்டு. தனிமையில் அது நமக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிடுகிறது. அதே மனிதர் அதே காலையில் இப்படியும் ஜெபிக்கலாம்:

"ஆண்டவரே, வீட்டுப் பங்கு பேசினதுலேருந்து அண்ணன் முகத்தைப் பாக்கவே பிடிக்கல. மன்னிக்கணும்னு தெரியும். மனசு வரல. மனசு வரணும்கிற ஆசைகூட இன்னும் வரல. இதைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட சொல்ல வந்தேன்."

இரண்டாவது ஜெபத்தில் விசுவாசம் குறைவு என்று நினைக்கிறவர்கள், பிசாசு பிடித்த பிள்ளையின் தகப்பனை நினைத்துப் பாருங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொன்னான். அரைகுறை விசுவாசத்தை மறைக்காமல் கொண்டுவந்தவனுடைய பிள்ளை சுகமானது. இயேசு சொன்ன உவமையில், தேவாலயத்தில் ஜெபித்த பரிசேயன் சொன்னதில் பொய் என்று ஒன்றும் இல்லை. உபவாசமும் தசமபாகமும் அவன் உண்மையிலேயே செய்தவைதான். ஆனால் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவன் சொல்லவில்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன், நீதிமானாக வீட்டுக்குப் போனான்.

உண்மை என்றால் துக்கமும் கோபமும் மட்டும் இல்லை. "இன்னைக்கு மழை பெஞ்சது, கண்மாய்ல தண்ணி வந்திருக்கு, மனசு நெறஞ்சிருக்கு" என்பதும் உண்மைதான். இங்கே மழை அருமையானது; அதற்கு நன்றி சொல்ல யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. "நீர்" என்று அழைக்கலாம், "நீங்க" என்றும் அழைக்கலாம். அப்பாவிடம் பேசுகிற மரியாதை இருந்தால் போதும்.

அதன் பின் இரண்டு மூன்று பேருக்காக, பெயர் சொல்லி. கடைசியாகக் கர்த்தருடைய ஜெபம், நிதானமாக. எழுந்துவிடுங்கள்.

சங்கீதங்களிடம் பாடம் கேளுங்கள்

உண்மையாய்ப் பேசுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குத் தேவனே 150 ஜெபங்களை வேதத்துக்குள் வைத்திருக்கிறார். நாளுக்கு ஒன்று என்று போனால் ஐந்து மாதத்தில் முடியும். 119ஆவது சங்கீதம் 176 வசனம். எட்டு எட்டு வசனமாக 22 பகுதியாகவே அமைந்திருப்பதால், நாளுக்கு ஒரு பகுதி எடுத்துக்கொள்ளலாம். பழகியவர்கள் காலையும் மாலையும் பிரித்து முப்பது நாளில் மொத்தத்தையும் படிக்கிறார்கள்; ஆங்கிலிகன் ஜெபப் புத்தகத்தில் பல நூற்றாண்டாக இருக்கிற முறை அது.

ஒன்றையும் தாண்டாமல் படியுங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" மட்டும் போதும் என்று இருந்தால், நல்ல நாளில் மட்டும் ஜெபிக்கத் தெரிந்தவர்களாகிவிடுவோம். 13ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றே தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரை வெளிச்சமே இல்லாமல் முடிகிறது. 109இல் எதிரியைச் சபிக்கிற வார்த்தைகள் வருகின்றன, படிக்கும்போது கூசும். அந்தக் கோபத்தைத் தாவீது எதிரியின் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகாமல் தேவனுடைய சமுகத்தில் கொட்டினான் என்பதைக் கவனியுங்கள். நம் தெருவில் நடக்கிற பாதிச் சண்டைகள் இப்படிக் கொட்டிவிட்டுப் போயிருந்தால் நடந்திருக்காது.

ஒரு வசனம் பிடித்துக்கொண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். அன்றைய பகுதியை முடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கேட்பது, பொருத்தனை செய்வது

கேட்க வெட்கப்படாதீர்கள். வேலை, வீடு, பிள்ளைக்கு வரன், சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போன கணவர் பத்திரமாகத் திரும்புவது, எல்லாவற்றையும் கேளுங்கள். அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கச் சொன்னவர் அவர்.

பேரத்தில்தான் கவனம் வேண்டும். நேர்ச்சையும் வேண்டுதலும் நம் மண்ணில் ஊறியவை. ஓரியூரில் புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4இல் வெட்டப்பட்ட இடத்துக்கு இந்தச் சுற்று வட்டாரமே போகிறது. செம்மண்ணை எடுத்துவந்து வீட்டில் வைக்கிறது. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளிலும் நேர்ந்துகொண்டு செலுத்தும் பொருத்தனை காணிக்கை உண்டு. அன்னாள் பொருத்தனை செய்தாள், சாமுவேலைப் பெற்றாள், சொன்னபடி ஒப்புக்கொடுத்தாள். எனவே பொருத்தனையே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்னாள் முதலில் தன் இருதயத்தை ஊற்றினாள். ஆசாரியன் அவளைக் குடிவெறிகாரி என்று நினைக்கும் அளவுக்கு. அந்த ஊற்றுதல் இல்லாமல், "இது நடந்தால் இவ்வளவு தருகிறேன்" என்று மட்டும் சொன்னால், அதில் உறவு எங்கே இருக்கிறது? யெப்தா யோசிக்காமல் வாயைத் திறந்து என்ன ஆனது என்று நியாயாதிபதிகள் 11இல் படியுங்கள். பொருத்தனை செய்வதானால் இரண்டு நாள் பொறுத்து, உங்களால் முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். சொன்னதைத் தாமதிக்காமல் செலுத்துங்கள்.

கேட்டது கிடைக்காமலும் போகும். கெத்செமனேயில் பாத்திரம் நீங்கும்படி ஒரே வார்த்தைகளை மூன்று முறை சொல்லி ஜெபித்தவருக்கே அது நீங்கவில்லை. நீக்கும்படி பவுல் வேண்டிக்கொண்ட மாம்சத்தின் முள்ளும் எடுக்கப்படவில்லை. "உனக்கு விசுவாசம் போதாது, அதான் சுகம் வரல" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பேச்சை மனதில் ஏற்ற வேண்டாம்.

பிறருக்காக

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு பக்கம். திங்கள் குடும்பம், செவ்வாய் தெரு, புதன் நோயாளிகள் என்று உங்கள் விருப்பப்படி பிரித்து, ஒரு பக்கத்தில் ஐந்து பெயருக்கு மேல் எழுதாதீர்கள். நாற்பது பெயரை ஒரே மூச்சில் ஒப்பித்தால் யாரையும் நினைக்க முடியாது.

"ஜெபிக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் பதில் போடும் முன் அந்த இடத்திலேயே கண்ணை மூடி ஒரு வரி ஜெபித்துவிடுங்கள். பிறகு பதில் போடுங்கள். ஜெபிக்காமல் அனுப்புகிற அந்தச் சொல் பொய்தான்.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஜெபக்குறிப்பு என்ற பேரில் அடுத்த வீட்டு விஷயம் ஊர் சுற்றுகிறது. "அந்த அக்கா மகளுக்காக ஜெபிச்சுக்கங்க, என்னாச்சு தெரியுமா" என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதைத் தேவனிடம் மட்டும் சொல்லுங்கள்.

இரவுக் கணக்கு

காலை ஜெபம் நிலைத்த பிறகு, ஒரு மாதம் கழித்து, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போதும். அருளானந்தர் சேர்ந்திருந்த இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், மத்தியானமும் இரவும் தன்னைத் தானே ஆராய்ந்து பார்க்கும்படி தம் சபையினருக்குக் கற்பித்தார். அது ஐந்து படி: நாளுக்காக நன்றி சொல்வது, தெளிவு கேட்பது, நாளை முதலிலிருந்து நடத்திப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம். சீர்திருத்தச் சபையில் வளர்ந்த நான் இதைத் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கிறேன். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற 139ஆம் சங்கீதத்தின் ஜெபமும் இதுவே.

செட்டிநாட்டில் இதை விளக்குவது சுலபம். ரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கியில், அதாவது தங்கித் தொழில் நடத்திய இடத்தில், இருந்து கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் பற்றையும் வரவையும் உள்ளது உள்ளபடி எழுதி வைத்தார்கள். வராத கடனை வந்ததாக எழுதினால் கணக்கு முடிக்கும் ஐந்தொகை இடிக்கும். நம் இரவு ஜெபத்திலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்: இன்றைக்கு வேலைக்கார அம்மாவிடம் கத்தினேன், கடையில் எடையில் கொஞ்சம் குறைத்தேன், நண்பனின் நல்ல செய்தியைக் கேட்டு உள்ளுக்குள் எரிந்தது. பற்றை மட்டும் எழுதி வரவை விடுவதும் பொய்க்கணக்கே. யாரோ பேருந்தில் இடம் கொடுத்தது, மகள் தானாக வந்து மடியில் படுத்தது, இவையும் ஏற வேண்டும்.

"நான் ஒரு பாவி" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பெயர், இடம், வார்த்தை வரை குறிப்பாகச் சொல்லுங்கள். குறிப்பாகச் சொன்னதைத்தான் மறுநாள் போய்ச் சரிசெய்ய முடியும். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க முடியும், எடையைச் சரியாக வைக்க முடியும்.

விட்டுப்போன நாட்கள்

விட்டுப்போகும். பொங்கலுக்கு வீடு நிறைய ஆள் வரும், துக்கம் நடக்கும், காய்ச்சல் வரும். மறுநாள் இரண்டு மடங்கு ஜெபித்து ஈடுகட்ட முயலாதீர்கள். அன்றைய பத்து நிமிடத்தை மட்டும் செய்யுங்கள். மிகவும் முடியாத நாளுக்கென்று ஒரு மிகச் சிறிய ஜெபத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: கர்த்தருடைய ஜெபம் ஒருமுறை, படுக்கையிலேயே. இரண்டு வாரமே விட்டுப்போயிருந்தால், "ரெண்டு வாரமா வரல ஆண்டவரே" என்று அதையே முதல் வாக்கியமாகச் சொல்லித் தொடங்குங்கள்.

ஒழுங்காக ஜெபித்தும் ஒன்றும் உணராத காலம் வேறு. அது மாதக்கணக்கில்கூட நீளலாம். வார்த்தையே வராவிட்டால், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8 சொல்கிறது; சும்மா உட்கார்ந்திருங்கள், சங்கீதம் மட்டும் வாசியுங்கள். ஆனால் தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அது ஜெபக்குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காமல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவதும் ஜெபிப்பதும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

துணை

தனியாகவே ஒருவர் நீண்ட காலம் நிலைப்பது கடினம். சபையில் நம்பகமான ஒருவரை, ஆண் என்றால் ஆணை, பெண் என்றால் பெண்ணைத் தேர்ந்துகொண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசுங்கள். "இந்த வாரம் எத்தனை நாள் ஜெபிச்சீங்க, எது சொல்ல முடியாம இருக்கு" என்ற இரண்டு கேள்வி போதும். அந்த இரண்டாவது கேள்வியை விடாதீர்கள்.

குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாக வையுங்கள். ஒரு பாட்டு, ஐந்தாறு வசனம், பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு வரி. பிள்ளை "எனக்குக் கணக்கு டீச்சரைப் பிடிக்கல" என்று ஜெபித்தால் அதட்டாதீர்கள். அப்படியில்லை, இப்படிச் சொல்லு என்று திருத்தாதீர்கள். அப்பாவும் அம்மாவும் தங்கள் முறை வரும்போது அதே அளவு நேர்மையாக ஒரு வரி சொல்லுங்கள். "இன்னைக்கு அம்மாகிட்ட கோபமா பேசிட்டேன், மன்னிச்சிருங்க ஆண்டவரே" என்று அப்பா பிள்ளைகள் முன்னால் சொல்கிற வீட்டில் பிள்ளைகளுக்கு ஜெபத்தைப் பற்றித் தனி வகுப்பு வேண்டியிருக்காது.

மூன்று மாதம் கழித்து நோட்டை எடுத்துப் பாருங்கள். நேரம் ஒத்துவரவில்லை என்றால் மாற்றுங்கள், பெயர்களைப் புதுப்பியுங்கள், பத்து நிமிடம் போதவில்லை என்று தோன்றினால் பதினைந்தாக்குங்கள்.